கூட்டுரோட்டில் இறங்கவும்

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. வீட்டில் எல்லாரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காதுக்கு வாங்கிய மிஷினை மாட்டுகிறாயா, இல்லை டப்பாவில் வைத்துப் பத்திரப்படுத்துகிறாயா? உன்னோடு போனில் நான் கத்துகிற கத்தலில் தெருவே எட்டிப் பார்க்கிறது என்கிறான் உன் மருமகன். அதனால் பழையபடி கடிதம்.

எனக்கு ஓர் உதவி செய். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்கு உடம்பு சரியில்லை. தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிருந்து நேர் வண்டி இல்லை. உன் ஊரில்தான் மாற வேண்டும். யார் எங்கே போனாலும் உன் ஊரில்தானே மாற வேண்டியிருக்கிறது! உன் ஊருக்கென்றே கிளம்பி வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு நிலையத்துக்கு அலைய டீச்சருக்குத் தெம்பில்லை. ரயில் என்றால் அந்த மேம்பாலப் படிகள். மகனுக்கு லீவு கிடைப்பதில்லை, தனியாகத்தான் போக வேண்டும். பஸ்ஸுக்கு நேரம் குறித்துக் கொடுத்தே தலை நரைத்தவன் நீ. அலுங்காமல் குலுங்காமல் போக ஒரு வழி எழுதி அனுப்பு.

அண்ணி படுத்திருந்தபோது நீ ஓடிய ஓட்டமும், அவள் போனபின் அதே ஆஸ்பத்திரியில் நீ படுத்த படுக்கையும் நினைத்தால் எனக்கு இன்னும் பகீரென்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் வாயாடித் தங்கை

*

ஜூன் 10

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கு நலம். உங்கள் அனைவரின் நலமும் நாடுகிறேன். முழங்கால் முன்போலவே. மிஷின் டப்பாவில்தான் இருக்கிறது.

நான் வேலையை விட்டு வருடங்களாகிவிட்டதால், எனக்குத் தெரிந்தது இன்றைக்குச் செல்லுமா என்ற ஐயத்தில் எல்லா இடங்களுக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இந்த நகரத்தின் தொல்லை என்னவென்றால், நான்கு திசைச் சாலைகளும் இரண்டு ரயில் பாதைகளும் இங்கே வந்து கூடுகின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றின் முகத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் பக்கத்திலிருந்து வரும் மேற்கு வண்டிகள் சந்தைக்குப் பின்னால் நிற்கின்றன. தெற்கு வண்டிகள் ஆற்றுக்கு அப்பால். ரயிலடியோ இரண்டுக்கும் எட்டாத இடத்தில். உடம்பு முடியாதவர் இதில் நடமாட முடியாது.

ஆகவே டீச்சர் ஊருக்குள் வரவே வேண்டாம். ஊருக்கு வெளியே சாலைகள் பிரிகிற கூட்டுரோட்டில் இறங்கவும். நடத்துனரிடம் ஏறும்போதே சொல்லிவைக்கவும். இறங்கிய இடத்தில் டீக்கடை இருக்கிறது. மாஸ்டர் நல்ல மனிதர், நாக்கு மட்டும் சற்று நீளம். மர நிழலில் ஒரு பெஞ்சு உண்டு. சாலையைக் கடக்க வேண்டியதில்லை. தெற்கு வண்டி அதே பக்கம் வந்து நிற்கும். மேற்கு வண்டி வந்து சேராமல் தெற்கு வண்டி அங்கிருந்து புறப்படக் கூடாது என்று பணியிலிருந்தபோது நான் ஒரு விதி எழுதிவைத்தேன். "வராத மாப்பிள்ளைக்குப் பந்தல் போட்டுக்கிட்டு நிக்கணுமா சார்?" என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். அந்த விதியை இன்னும் யாரும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார்கள் போலும்.

ஒரு சந்தேகம். உங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் மரக்கடையும் மறுபக்கம் வாய்க்காலும் என்று எனக்கு நினைவு. டீச்சர் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்? நான்தான் தவறாக நினைவு வைத்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். மருமகள் உன்னை விசாரித்தாள்.

டீச்சர் எந்தப் பக்கம் என்று கேட்டாயே, பின்பக்கம். போதுமா இன்ஸ்பெக்டரே?

உன் வழியில்தான் போய் வந்தாள். மாதாமாதம் முதல் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். மேற்கு வண்டி வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வந்ததாம். ஆனாலும் தெற்கு வண்டி உறுமிக்கொண்டு நின்றிருந்ததாம். ஏறியதும் ஓட்டுநர், "இந்த வண்டிக்காக நிக்கணும்னு எவன் எழுதி வெச்சானோ, அவன் நல்லா இருக்கட்டும்" என்று பல்லைக் கடித்தாராம். உன்னை ஒருவர் வாழ்த்தியிருக்கிறார், வைத்துக்கொள்.

ஒரே ஒரு கஷ்டம். அந்த இடத்து டீசல் புகை டீச்சரைப் புரட்டி எடுத்துவிட்டது. கைக்குட்டையில் எலுமிச்சை இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டே போனால்தான் அவளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளும். கொண்டுபோன இலை பாதி வழியிலேயே வாடிவிட்டதாம். மற்றபடி குறையில்லை.

மழைக்கு முன் கூரை ஓட்டைச் சரிபார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா?

தங்கை

*

ஜூலை 15

அன்புத் தங்கைக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. ஓடு பார்த்தாகிவிட்டது.

எலுமிச்சை இலை விவரம் தெரிந்துகொண்டேன். நாம் வண்டியேறும் நாட்களில் அப்பா கொல்லையில் இலை பறித்து வருவது நினைவுக்கு வந்தது. யாருக்காகப் பறித்து வருவார் என்பதுதான் நினைவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது.

நான் எழுதிய வழியைப் பற்றி இப்போது யோசிக்கிறேன். சரியாக ஆராயாமல் எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. ஊருக்குள் வருவதும் அவ்வளவு மோசமில்லை. மேற்கு நிலையத்திலிருந்து என் வீட்டுக்கு ஆட்டோ உண்டு. டீச்சர் இங்கே வந்து, படுத்து எழுந்து, தெம்பு வந்தபின் புறப்படலாம். அண்ணியின் அறை காலியாகத்தான் இருக்கிறது. மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். நான் கேட்காத ஆள் என்று நீ அவரிடம் சொல்லலாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வீட்டில் வேலை.

டீச்சர் கூச்ச சுபாவம். ஊரார் வீட்டில் தலை சாய்க்க மாட்டாள். அதுவும் போக, அண்ணியின் அறையில் இன்னொருத்தி படுத்துக் கிடப்பதை நீ வாசலில் நின்று பார்க்க வேண்டாம் என்று எனக்கே தோன்றுகிறது. ஒருமுறை பார்த்தது போதும். கூட்டுரோடுதான் சரி. நீ எழுதிய வழிகளிலேயே அதுதான் சரி.

இந்த மாதச் செவ்வாய்க்கிழமை நடந்த கூத்தைக் கேள். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்ததும் மாஸ்டர் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டியிருக்கிறார். பிரித்தால் எலுமிச்சை இலை, பறித்த ஈரம் காயாமல். "யாருங்க குடுத்தது?" என்று கேட்டாளாம். மாஸ்டர், "யாருன்னு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரும்மா. அதோ அந்த லாரிக்குப் பின்னாடி ஒரு பெரியவர் நிக்கிறாரு பாருங்க. அவரு இல்ல" என்றாராம்!

குனிந்து பார்த்தால் லாரிக்கு அடியில் இரண்டு செருப்புக் காலும் ஒரு குடை நுனியும் தெரிந்ததாம். அந்த நேரம் பார்த்து லாரி கிளம்பிப் போய்விட்டது. வெட்டவெளியில் நின்ற பெரியவர் சட்டென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாராம். மழையும் இல்லை, அங்கே வெயிலும் இல்லை. "நல்லவேளை, குடையைக் கொண்டாந்தாரு. இல்லன்னா என் கடைப் பலகையைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா புடிச்சிருப்பாரு" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாராம்.

டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்ததாம். இத்தனை மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தப் பெரியவர் யாரோ பாவம், முழங்கால் வலியோடு நிற்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். யாரிடம் போய்ச் சொல்வது? உன்னிடம் சொல்லிவைக்கிறேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 18

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

நீ குறிப்பிட்ட பெரியவரை எனக்குத் தெரியாது. வயதுக்கேற்ற நிதானத்தோடு அவர் நடந்திருக்கலாம். எங்கேனும் பார்த்தால் கண்டிக்கிறேன்.

டீ குடிக்கப் போனபோது மாஸ்டரிடம் விசாரித்தேன். டீச்சர் ரொம்ப மெலிந்திருக்கிறாராம். சின்னக் கைப்பை, அதை இரண்டு கைகளாலும் தூக்கினாராம். வண்டிப் படியில் கால் வைத்துவிட்டு மேலே ஏறாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாராம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று மாஸ்டர் சொன்னார்.

அந்தப் பெரியவர் மாஸ்டர் மூலம் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறார். அடுத்த மாதம் பெஞ்சின் மறு ஓரத்தில் அவர் உட்கார்ந்தால் டீச்சருக்கு ஆட்சேபம் உண்டா? உண்டென்றால் அவர் பழையபடி லாரிப் பக்கமே நின்றுகொள்வார். கட்டாயமில்லை.

அண்ணன்

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம்.

தாராளமாக உட்காரட்டும். பெஞ்சு என்ன டீச்சரின் அப்பன் வீட்டுச் சொத்தா? ஒரே ஒரு நிபந்தனை. உடம்பைப் பற்றி மூச்சு விடக் கூடாது. டாக்டர் என்ன சொன்னார், எத்தனை நாளைக்கு என்று சொன்னார் என்று ஆரம்பித்தால் டீச்சர் எழுந்து போய்விடுவாள். இந்த மாதிரிப் பெரியவர்களை அவளுக்குத் தெரியும். ஒரு தேதி கிடைத்தால் போதும், அதைத் தலைமாட்டில் எழுதிவைத்துக்கொண்டு அன்றிலிருந்தே சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள்.

தங்கை

*

செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பேனா சரியில்லை.

பெரியவர் வந்தாராம். சலவைச் சட்டை, காதில் மிஷின்கூட மாட்டியிருந்தாராம். பெஞ்சின் மறு ஓரத்தில், விழுந்துவிடுவாரோ என்று பயப்படும் அளவுக்கு ஓரமாக உட்கார்ந்தாராம். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தெற்கு வண்டி எப்ப வரும்?" என்று கேட்டாராம். கேட்பதற்கு வேறு ஆளா கிடைக்கவில்லை! டீச்சர், "எனக்கு என்ன தெரியும்? இங்க ஒருத்தர் நேரம் குறிச்சு வெச்சிருக்காராம். அவரைத்தான் கேட்கணும்" என்றாளாம்.

"அவரு கணக்கு தப்பா இருந்தா?"

"இதுவரைக்கும் தப்பினதில்ல."

அவ்வளவுதான் பேச்சு. டீச்சர் பன்னைப் பாதியாகப் பிய்த்துத் தட்டை அவர் பக்கம் தள்ளிவைத்தாளாம். அவர் அழுதுகொண்டே தின்றார் என்று மாஸ்டர் சொல்கிறார். டீசல் புகை கண்ணில் பட்டிருக்கும் என்று டீச்சர் சொல்கிறாள். வண்டி வந்ததும் கைப்பையை அவர்தான் எடுத்துவந்து ஜன்னல் ஓரத்தில் வைத்தாராம். அன்று தெற்கு வண்டி தாமதம். தாமதமானதற்கு யாரிடமாவது நன்றி சொல்ல வேண்டும் என்கிறாள்.

அடுத்த மாதம் பெரியவரிடம் ஒன்றை நேருக்கு நேர் கேட்கப்போகிறாளாம். கேட்டால் அவர் மறுக்க மாட்டார் என்கிறாள். என்னவென்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

தங்கை

*

அக்டோபர் 14

அன்புத் தங்கைக்கு,

இங்கு நலம். சென்ற மாதக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுதி எழுதிக் கிழித்ததுதான்.

முதல் செவ்வாய்க்கிழமை டீச்சர் வரவில்லை என்று மாஸ்டர் சொன்னார். அந்தப் பெரியவர் கடைசி வண்டி போகும்வரை பெஞ்சில் இருந்தாராம். மறுநாளும் இருந்தாராம். நேற்றைச் செவ்வாயும்.

இதை ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். உடம்பு தளர்ந்தவர் உட்கார்ந்துகொண்டு வர முடியாது. படுத்துக்கொண்டு வர ரயில்தான் வசதி. வேறு வழியில் கொண்டுபோயிருந்தாலும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர் தெற்கு ரயிலில் வந்து இங்கே மாற வேண்டும். ஆகவே பெரியவரைக் கூட்டுரோட்டை விட்டுவிட்டு ரயிலடியில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மேம்பாலப் படி ஏறாமல் போக, சரக்கு வண்டி போகிற வாயில் ஒன்று இருக்கிறது. நிலைய அதிகாரியிடம் சொல்லி வைத்தாயிற்று. அவர் திறந்துவிடுவார்.

டீச்சர் கேட்க நினைத்தது எதுவானாலும் பெரியவருக்குச் சம்மதம் என்று சொல். மெத்தையை மறுபடியும் வெயிலில் போட்டேன்.

பதில் எழுது.

அண்ணன்

*

அக்டோபர் 26

அன்புத் தங்கைக்கு,

பதில் இல்லை. டீச்சரைப் பற்றி எழுத வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய்? அதை மட்டும் எழுது. வீட்டில் எல்லாரும் நலம் என்றே எழுதிவருகிறாய். நீ நலமா?

நானே மேற்கு வண்டி ஏறி வந்துவிடலாம் என்று இருக்கிறேன். அழையாமல் வந்து நின்றால் சங்கடப்படுவாயோ என்றுதான் தயக்கம். வா என்று ஒரு சொல் எழுது.

அண்ணன்

*

நவம்பர் 12

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாவு வீட்டுக் கூட்டத்தில் நீங்கள் அந்த மூலை நாற்காலியிலேயே இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். உங்களிடம் பேச எனக்கும் வாய் வரவில்லை. "நீ நலமா" என்று கேட்ட உங்கள் கடிதம் நீங்கள் திரும்பிப்போன மறுநாள்தான் இங்கே வந்தது. அதை அம்மாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் டீச்சர் யாரும் இல்லை என்பது உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். அம்மா என்னையும் வாயைத் திறக்க விடவில்லை. "அண்ணியைப் பார்த்த கண்ணால என்னையும் அவரு பார்க்க வேண்டாம்டா. இன்னொரு தடவை அவரு தாங்க மாட்டாரு" என்பாள். நான் லீவு போட்டுக்கொண்டு கூட வருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும் தனியாகத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் திடீரென்று முடியாமல் போய், வேனில் படுக்கவைத்து, கூட்டுரோட்டுக்கு மேலே கட்டியிருக்கிற புதுப் பாலத்தில் ஏறி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த மாதம் முழுக்க அங்கேதான் இருந்தோம். பிறகு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது பாலத்தில் ஏற விடவில்லை. "கீழ வழியா போ. கூட்டுரோட்டுல நிறுத்து" என்றாள். கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, பெஞ்சைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மாஸ்டர் ஓடி வந்தார். "ரெண்டு வாரமா அவரைக் காணோமே அம்மா" என்று கையைப் பிசைந்தார்.

ஓட்டுநர், "எவ்ளோ நேரம்மா நிக்கணும்?" என்று கேட்டார்.

"இன்னொரு வண்டி வரணும்பா. அது வராம இது எடுக்கக் கூடாது. ரூல்."

"அது பஸ்ஸுக்கும்மா. இது வேனு."

"வேனுக்கும் அதே ரூல்தான். எழுதினவரு எங்க அண்ணன்."

நான் ஆட்டோவில் போய் உங்களைக் கூட்டிவருகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆள் அனுப்பினா பதறிடுவாருடா. தானா வந்தா வரட்டும். வந்தா, உன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடு அண்ணா, கொஞ்ச நாள் அங்க படுத்துக்கிறேன்னு கேட்கப்போறேன். மெத்தையெல்லாம் வெயில்ல போட்டு வெச்சிருக்காராம்."

வெயில் சாயும்வரை நின்றோம். பிறகு அவளே, "எடுப்பா. அவரு கணக்கு தப்பாது. நான்தான் நாள் தப்பி வந்துட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது உங்கள் ரயிலடிக் கடிதம் காத்திருந்தது. படித்துக் காட்டினேன். "ரயிலடியிலயா போய் நின்னாரு, மனுஷன்!" என்று சிரித்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு பேச்சு இல்லை.

அடுத்த மாதம் பிள்ளைகளோடு தெற்கே மாமனார் வீட்டுக்குப் போகிறோம். பாலத்து வழியாகப் போனால் உங்களைப் பார்க்க முடியாது. உங்களுக்குச் சிரமமில்லை என்றால் கூட்டுரோட்டில் சிறிது நேரம் இறங்கட்டுமா? எந்த வண்டி தோது என்று எழுதுங்கள்.

உங்கள் மருமகன்

*

நவம்பர் 20

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா ஆசியுடன் எழுதுவது. நலம் என்று தொடங்குவது வழக்கம். தொடங்கிவிட்டேன். நீங்கள் எல்லாரும் வேளைக்குச் சாப்பிடவும்.

நீங்கள் நின்ற அந்த மாலையில் நான் ரயிலடியில் இருந்தேன். தெற்கிலிருந்து வந்த ஒவ்வொரு பெட்டியிலும் எட்டிப் பார்த்தேன். கீழ்ப் படுக்கைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் முகங்களைக்கூடக் குனிந்து பார்த்து, இரண்டு பேரிடம் திட்டும் வாங்கினேன். ஒழுங்காக யோசித்துத்தான் அங்கே போனேன். நான் எதையும் யோசிக்காமல் செய்வதில்லை.

இலையைப் பற்றி உன் அம்மா எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியும் என்று சொன்னால், வழி கேட்டு எழுதுவதையும் நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். அவள் என்னிடம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது அந்த வழி ஒன்றைத்தான். ஆனால் ஊருக்குள் வரவே வேண்டாம் என்று முதன்முதலில் எழுதியது என் கை. இந்த ஊருக்கு எத்தனையோ வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். வந்தவர்கள் வந்த வேகத்தில் வெளியேறுவதற்கு நேரம் குறித்துக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். பாலத்தின் மேலே போக வேண்டாம். கூட்டுரோட்டிலும் இறங்க வேண்டாம். ஊருக்குள் வா. எந்த வண்டி, எத்தனை மணி என்று எழுத வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கமிருந்து எதில் வந்தாலும் நான் வீட்டில் இருப்பேன். அறை இருக்கிறது. எல்லாரும் படுக்கலாம்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: பிள்ளைகளில் யாருக்காவது வண்டி வாடை ஒத்துக்கொள்ளாது என்றால் மட்டும் முன்கூட்டியே ஒரு வரி எழுது. செடியில் இலை நிறைய விட்டிருக்கிறது.